சிவப்பு மையில் எழுதிய பணம்

எங்கள் ஊரிலேயே பெரிய பணக்காரர் என் அப்பாதான் என்று மூன்றாம் வகுப்பு படிக்கும்வரை எனக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. காரணம் இல்லாமலா? பொள்ளாச்சிப் பக்கத்துச் சித்தூருக்குக் கிழக்கே, மழை எட்டிக்கூடப் பார்க்காத எங்கள் கடலைக்காட்டைத் தேடி பேங்க் மானேஜரே ஜீப்பில் வருவார். பெரியப்பா வீட்டுக்கு அவர் ஒருநாளும் போனதில்லை. எங்கள் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து மோர் குடிப்பார். அப்பா நின்றுகொண்டே பேசுவார். அவ்வளவு பெரிய மனிதர் நம்மைத் தேடி வருகிறாரே என்று எனக்குப் புல்லரிக்கும்.

அதைவிடப் பெரிய அத்தாட்சி பாஸ்புத்தகம். பெரியப்பாவின் புத்தகத்தில் வெறும் நீல மை, தொகையும் சொற்பம். அப்பாவின் புத்தகத்திலோ கடைசிக் கட்டத்தில் எல்லாமே சிவப்பு, பக்கத்துக்குப் பக்கம் ஏறிக்கொண்டே போகும் எண்கள்! எங்கள் வீட்டில் சிவப்பு என்றால் குங்குமம், கூறைச்சேலை, கோயில் நோம்பித் தேர். வெள்ளிக்கிழமைதோறும் அம்மா அந்தப் புத்தகத்தைச் சாமி படத்தடியில் வைத்து அட்டைக்குப் பொட்டு வைப்பாள். மகாலட்சுமி உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டாள் என்று நான் நினைத்ததில் என்ன தப்பு?

அந்த வருடம் அத்தையைப் பெண் பார்க்க வந்தார்கள். அப்பாவின் ஒரே தங்கை. பவுன் பேச்சில் ஏற்கனவே இரண்டு சம்பந்தம் முறிந்திருந்தது. இதுவும் தட்டிப்போனால் அவளுக்குக் கல்யாணமே இல்லை என்று ஊர் வாய் மென்றுகொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அப்பா பொள்ளாச்சியில் கடலை மண்டிக்காரர். அதிகம் பேசாத மனிதர். கூட வந்த அவருடைய மச்சான்தான் பேசினார்.

அப்பா இருபது பவுன் போடுவதாகச் சொன்னார்.

"இருவது பவுனா? இந்தக் காஞ்ச காட்டுலயா?" என்று மச்சான்காரர் சிரித்தார்.

எனக்கு வந்ததே ரோஷம்! உள்ளே ஓடினேன். பொட்டு வைத்த புத்தகத்தை எடுத்துவந்து நேராக மண்டிக்காரர் கையில் கொடுத்தேன்.

"எங்கப்பாகிட்ட எத்தன பணம் இருக்குதுன்னு நீங்களே பாத்துக்கங்க!"

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அப்பா தரையைப் பார்த்தார்.

பின்னாளில் நானே வங்கி வேலைக்குப் போய்த்தான் அந்தச் சிவப்பின் சங்கதியைப் படித்தேன். போட்டது மிச்சமிருந்தால் நீலம். அது நம் பணம், வங்கி நமக்குத் தரவேண்டியது. போட்டதற்கு மேல் எடுத்துவிட்டால் சிவப்பு. அது நாம் வங்கிக்குத் தரவேண்டியது. எண் ஏற ஏறக் கடன் ஏறுகிறது. மண்டிக்காரருக்கு அது ஒரு பார்வையிலேயே தெரிந்திருக்கும்.

அவரோ ஒவ்வொரு பக்கமாக நிதானமாகப் புரட்டினார். எட்டிப் பார்க்க வந்த மச்சானுக்குக் காட்டாமல் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"கெணத்துக்குங்களா?" என்று அப்பாவிடம் கேட்டார்.

"ஆமாங்க."

"தண்ணி கண்டுச்சுங்களா?"

"இன்னும் இல்லீங்க."

பணத்தைப் பற்றிப் பேசாமல் இவர் ஏன் கிணற்றைப் பற்றிக் கேட்கிறார் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அவர் என்னை அருகில் கூப்பிட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"நீ சொன்னது நெசந்தான் அம்மிணி. எம்பட புஸ்தகமும் ஒரு காலத்துல இப்படித்தான் செவந்து கெடந்துச்சு. பத்தரமாக் கொண்டுபோயி வையி."

பிறகு அப்பாவிடம் திரும்பினார். "பவுனெல்லாம் வேண்டாமுங்க. பொண்ணக் கட்டுன சேலையோட அனுப்புங்க, போதும்."

மச்சான்காரர் வாயைத் திறந்தார். மண்டிக்காரர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். அடுக்களையில் அத்தை என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டு அழுதாள். கல்யாணம் நிச்சயமான வீட்டில் இதென்ன அழுகை என்று அவளை விலக்கிவிட்டு மறுபடி கூடத்துக்கு ஓடினேன்.

மானேஜர் முன்னால்கூடக் குனியாத என் அப்பா அங்கே இடுப்பு வளையக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். மண்டிக்காரரும் எழுந்து அதே அளவு குனிந்து கும்பிட்டார். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன். பெரிய பணக்காரர்கள் இரண்டு பேர் சந்தித்தால் இப்படித்தான் கும்பிட்டுக்கொள்வார்களாக்கும் என்று, மறுநாள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் தீர்த்தேன்.