ஊருக்குச் சொன்ன முட்டி

டாக்டர் மேசை மேல் இருந்த இடுப்பெலும்பு மாதிரியை எடுத்து, வலது தொடை இடுக்கில் பேனா முனையை வைத்துக் காட்டினார். தொடையின் உள்பக்கத் தசை எலும்போடு ஒட்டுகிற இடம். பாதிக்கு மேல் பிய்ந்துவிட்டது, திறந்து தைத்தால்தான் சரியாகும் என்றார். நான் எலும்பைப் பார்த்தேன். அம்மா சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். பேனா அந்த இடத்தை விட்டு விலகும்வரை அம்மாவின் கண் காலண்டரை விட்டு அசையவில்லை.

எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. வாரநாளில் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை. வாரக் கடைசியில் சுங்கை வே பக்கத்துப் பெண்கள் ஹாக்கி கிளப் ஒன்றின் கோல்கீப்பர். எட்டு வருடமாக அந்த இடம் என்னுடையது. கோல்கீப்பருக்குக் கைதான் முக்கியம் என்று சொல்கிறவர்கள் ஹாக்கி பார்த்ததே இல்லை. தரையோடு வரும் பந்துக்குக் கால்தான். வலது மூலைக்குப் பந்து வந்தால் வலது காலைத் தரையோடு தரையாக நீட்டி, கிட்டத்தட்ட உட்கார்ந்தே விட வேண்டும். அப்படி நீட்டி நீட்டியே பிய்த்துக்கொண்டேன். ஒரு வருடம் யாரிடமும் சொல்லாமல் சமாளித்தேன். தும்மினால் வலிக்கும். இருமினால் வலிக்கும். சிரித்தால்கூட வலிக்கும். டீமில் யாராவது கிண்டல் செய்தால் நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். திமிர் பிடித்தவள் என்று பெயர் வாங்கியதுதான் மிச்சம்.

காரில் ஏறியதும் அம்மா கேட்டார்.

"இத வெளிய எப்படிடீ சொல்றது?"

"எத?"

"அதான்... அந்த எடத்த."

"தொட இடுக்குன்னு சொல்லும்மா. தமிழ்ல அதான் பேரு."

அம்மா பின்னால் திரும்பிப் பார்த்தார். பின் சீட்டில் யாரும் இல்லை என்று அவருக்கே தெரியும். "கல்யாணம் ஆவாத பொண்ணுக்கு இடுப்புக்குக் கீழ ஆபரேஷன்னா ஊருல என்னா நெனைப்பாங்க? கர்ப்பப்பைன்னுதான் நெனைப்பாங்க. ரெண்டு எடத்துல ஜாதகம் குடுத்து வெச்சிருக்கேன்லா. முட்டின்னு சொல்லிடு. வெளாட்டுக்காரங்களுக்கு முட்டிதானே போவும்?"

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் ஆபரேஷன் பயம் அதைவிடப் பெரிதாக இருந்ததால் தலையாட்டி வைத்தேன். கிள்ளானில் வீடு வந்து சேர்வதற்குள் என் முட்டி கெட்டுப்போயிருந்தது. சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அம்மா போட்ட செய்தியை லோரி ஓட்டுகிற அப்பா ஜொகூர் போகும் வழியில் படித்துவிட்டு, "எப்படா முட்டிக்கு மாறுச்சு?" என்று எனக்குப் போன் செய்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பத்தாவது நாள், கேரி தீவிலிருந்து அத்தை வந்துவிட்டார். அப்பாவின் அக்கா. எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் முப்பது வருடம் வேலை செய்த கை. சுளுக்கு, பிசகு எதுவானாலும் எங்கள் குடும்பத்தில் முதலில் போன் போவது அவருக்குத்தான். வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டதும் அம்மா அலமாரியிலிருந்து பேண்டேஜ் துணியை இழுத்துக்கொண்டு ஓடிவந்து, என் வலது முட்டியில் சுற்றோ சுற்று என்று சுற்றினார். அத்தை ஒரு பழைய சாஸ் போத்தல் நிறைய எண்ணெயோடு உள்ளே வந்தார். பூண்டு, நொச்சி, இன்னும் என்னென்னவோ போட்டு அவரே காய்ச்சியது.

பேண்டேஜை அவிழ்த்துவிட்டு அத்தை என் முட்டியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, தையலே காணோமே?"

"இப்பல்லாம் ஊசி வழியாவே பண்ணிடுறாங்க அண்ணி. தழும்பே தெரியாது" என்றார் அம்மா. பள்ளிக்கூட கேண்டீனில் வேலை செய்துகொண்டு தினமும் நூறு பிள்ளைகளின் பொய்யைக் கண்டுபிடிக்கிறவர், தானே ஒரு பொய்யை இவ்வளவு சுத்தமாகச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அத்தை எண்ணெய் ஊற்றித் தேய்த்தார். அதுவரை சுகமாகத்தான் இருந்தது. பிறகு, "சும்மா வெச்சிருந்தா முட்டி புடிச்சிக்கும் பாப்பா" என்று சொல்லிக்கொண்டே என் காலை மடக்கி நெஞ்சுவரை தள்ளி, வெளிப்பக்கமாக ஒரு திருப்புத் திருப்பினார்.

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"ஆங், புடிச்சிட்டேன்! நரம்பு அங்கதான் நிக்கிது" என்றார் அத்தை, பெருமையோடு.

அம்மா காப்பியோடு அடுப்படி வாசலில் நின்றார். வாய் திறந்தது. "அண்ணி, அங்க தொடாதீங்க" என்ற ஒரு வரி போதும். அது வரவில்லை. அத்தை மறுபடியும் காலைத் தூக்கப் போனபோது, தலை சுற்றுகிறது என்று சொல்லி நானே படுத்துவிட்டேன்.

அத்தை போன பிறகு நான் அம்மாவைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. தையல் விட்டுப்போயிருந்தால் என் ஹாக்கி அன்றோடு முடிந்தது, உனக்கு என் காலைவிட உன் மானம் பெரிதா என்று கேட்டேன். மறுநாள் டாக்டர் பார்த்து, ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னபோது அம்மா அந்த அறையிலேயே அழுதுவிட்டார். அன்று காலண்டரைப் பார்க்கவில்லை. டாக்டரின் விரல் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து பிசியோ. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைக்கு மேலே இருந்த சின்ன கிளினிக். வாரம் இரண்டு நாள் கிள்ளானில் ரயில் ஏறி, கேஎல் சென்ட்ரலில் இறங்கி, அம்மாவும் நானும் நடப்போம். நான் நடக்கும் வேகத்தில் அம்மா பூக்கடையில் பூ வாங்கி முடித்துவிட்டு வந்து என்னைப் பிடித்துவிடுவார். பிசியோ ஒரு சீனப் பெண், என் வயதுதான் இருக்கும். முதல் மாதம் இரண்டு முட்டிக்கும் நடுவில் ஒரு பந்தை வைத்து அழுத்தச் சொன்னார். அழுத்து, ஐந்து எண்ணு, விடு. அவ்வளவுதான். எட்டு வருடம் பந்தைத் தடுத்தவள், ஒரு பிள்ளை விளையாட்டுப் பந்தை நசுக்க முடியாமல் வேர்த்துக் கொட்டினேன்.

மூன்றாவது மாதம் வேறொரு பயிற்சி வந்தது. ஒருக்களித்துப் படுத்து, மேல் காலை இன்னொருவர் தூக்கிப் பிடித்துக்கொள்ள, அந்தக் காலின் பலத்திலேயே உடம்பைத் தரையிலிருந்து எழுப்ப வேண்டும். பிசியோ அம்மாவைப் பார்த்து மலாய் மொழியில், வீட்டில் நீங்கள்தான் பிடிக்க வேண்டும் என்றார். அம்மா கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தயங்கினார். "தாக் அபா, பரவாயில்லை, வாங்க" என்று பிசியோ அம்மாவின் கையைப் பிடித்து என் முட்டியிலும் கணுக்காலிலும் வைத்தார்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அம்மா என் காலைப் பிடித்தார். நாடகம் ஓடிக்கொண்டிருக்கும், கண் டிவியில், கை என் காலில். நான் எழும்போது எண்ணுவார். எட்டு வந்ததும் நான் விழப் பார்த்தால், "ஏழுதான் ஆச்சு" என்பார். கேண்டீனில் சோறு அள்ளிப் போடுகிறவர் கணக்கில் ஏமாற்றுவார் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். ஒரு நாள் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, "நேத்து நடுங்குச்சு, இன்னிக்கி நடுங்கல" என்றார். எனக்கே தெரியாத ஒன்று அம்மாவின் கைக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் வெளியில் யார் கேட்டாலும் முட்டிதான்.

ஆறாவது மாதம் பிசியோ இரண்டு காலின் பலத்தையும் அளந்து பார்த்து, இரண்டும் சமம், போய் விளையாடுங்கள் என்றார். கோச் நேராகப் பேசுகிற மனிதர். நான் இல்லாதபோது பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி கோலில் நின்றாள், நன்றாகவே நின்றாள். "ஒரு மேட்ச் தரேன். பழைய மாதிரி ஆடுனா எடம் உன்னோடது. இல்லாட்டி இந்த சீசன் அவதான்" என்றார்.

நியாயம்தான். ஆனால் பயிற்சியில் என் வலது கால் நீளவில்லை. வலியே இல்லை, பலம் இருந்தது, இருந்தும் வலது மூலைக்குப் பந்து வரும் கணத்தில் கால் அப்படியே நின்றுவிடும். திறந்து தைத்த இடம் மறுபடியும் பிய்ந்துவிடும் என்ற பயம். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. வெயில் கண்ணில் அடித்தது, தரை வழுக்கியது என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பொய் சொன்னதற்காக அம்மாவைக் கிழித்துத் தொங்கவிட்டவள்தான் நான்.

மேட்ச் அன்று அம்மா வந்தார். கூடவே அத்தையும். நான் விளையாடி அத்தை பார்த்ததே இல்லை. தான் குணமாக்கிய முட்டி எப்படி ஓடுகிறது என்று பார்க்க வந்திருந்தார். திடலில் ஐம்பது பேர்கூட இருக்க மாட்டார்கள். அதனால் யார் என்ன பேசினாலும் கோல் வரைக்கும் கேட்கும்.

முதல் பாதியிலேயே வலது மூலைக்குத் தரையோடு ஒரு பந்து வந்தது. கால் போகவில்லை. பந்து கோலுக்குள் பலகையில் மோதிய சத்தம் கேட்டது. பத்தொன்பது வயதுக்காரி வெளியே எழுந்து நின்று கைகளை உதறி உடம்பைச் சூடு பண்ண ஆரம்பித்தாள். கோச் தலையைக் குனிந்துகொண்டார்.

அத்தை பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் விளக்கம் கொடுத்தார். "பாவம், முட்டி ஆபரேஷன் பண்ண புள்ள. முட்டி எப்படி நீட்டும்?"

அப்போது அம்மா எழுந்தார். கேண்டீனில் மணி அடித்த பிறகும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளை வகுப்புக்கு விரட்டுகிற அதே குரல்.

"முட்டி இல்ல அண்ணி! அவளுக்கு ஆபரேஷன் பண்ணது தொட இடுக்குல! தொட இடுக்கு! நாந்தான் பொய் சொன்னேன்!"

திடலில் எதிரணியின் பெஞ்சுகூடத் திரும்பிப் பார்த்தது. தமிழ் தெரியாதவர்களும் பார்த்தார்கள். அம்மா அதோடு நிற்கவில்லை. கோல் பக்கம் கையை நீட்டினார்.

"மூணு மாசமா அந்தக் கால நான் புடிச்சிருக்கேன்! அது நல்லாதான் இருக்கு, எனக்குத் தெரியும்! நீட்டுடீ!"

ஹெல்மெட்டுக்குள் எனக்கு அழுகை வந்தது. வெட்கமும் வந்தது. மறைக்க இனி ஒன்றுமே இல்லை என்றானதும் உடம்பு லேசானது. என்னைவிட அந்தக் காலை நன்றாகத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார், அவர் ஊரறியச் சொல்லிவிட்டார். நான் எதற்குச் சந்தேகப்பட வேண்டும்?

கடைசிக் கட்டத்தில் எதிரணிக்கு பெனால்டி கார்னர் கிடைத்தது. அதற்குள் நாங்களும் ஒரு கோல் போட்டு சமன் செய்திருந்தோம். அடித்தவளுக்கு என் பலவீனம் தெரிந்துவிட்டிருந்தது. குறி வைத்து வலது மூலைக்கே அடித்தாள். யோசிக்க நேரம் இல்லை. என் வலது கால் தரையோடு தரையாகப் போய்க்கொண்டே இருந்தது. ஷூ முனையில் பந்து பட்டு வெளியே தெறித்தது. பின்னாலேயே ஓடி வந்த ஒருத்தி தடுக்கி என் காலின் மேல் முழுசாக விழுந்தாள். நான் அசையாமல் கிடந்து, தைத்த இடத்தில் வலி வருகிறதா என்று காத்திருந்தேன். வரவில்லை. கோச் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். பத்தொன்பது வயதுக்காரி மெதுவாக உட்கார்ந்தாள்.

மேட்ச் சமனில் முடிந்தது. அடுத்த வாரமும் நீதான் என்று கோச் சொன்னார். கார் நிறுத்திய இடத்தில் அத்தை கைகட்டி நின்றார். முகத்தில் சிரிப்பில்லை.

"அப்ப நான் தேச்ச எண்ணெயி?"

"மன்னிச்சிடுங்க அண்ணி. நாலு பேரு தப்பா பேசுவாங்கன்னு..."

"இனி மாப்ள வீட்டுல கேட்டா?"

"கேட்டா சொல்லுவோம். சொன்னதுக்கப்புறம் வேணாங்கிறவன் வேணாம்" என்றார் அம்மா. பிறகு என் பக்கம் திரும்பி, "எங்கயாச்சும் வலிக்குதாடீ?" என்று கேட்டார்.

வலித்தது. அந்தப் பெண் விழுந்த வேகத்தில் பேடுக்குள் கால் மடங்கியிருக்க வேண்டும். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் குனிந்து காலைப் பார்த்தேன்.

"முட்டிம்மா" என்றேன்.

அத்தை என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு கைப்பையைத் திறந்து அந்தச் சாஸ் போத்தலை எடுத்தார். குனிந்து என் காலுறையை இறக்கியவர், எண்ணெய் ஊற்றும் முன் தலையை நிமிர்த்தி, "இது நெசமாவே முட்டிதானே?" என்று கேட்டார்.

அம்மாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அடுத்து அத்தைக்கு. நான் காரைப் பிடித்துக்கொண்டு, வயிறு குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். பழைய பழக்கத்தில் என் கை தானாகத் தொடை இடுக்குக்குப் போய் அழுத்திக்கொண்டது. அங்கே எந்த வலியும் இல்லை. கையை எடுத்துவிட்டுச் சிரித்தேன்.