இரண்டு முனைகள்

எங்கள் லண்டன் வீட்டில் தொலைபேசி அழைப்பு எல்லாருக்கும் பொது. யார் எடுத்தாலும் ஸ்பீக்கரில் போடுவோம். குசினியில் வெங்காயம் வெட்டுபவரும் அங்கிருந்தே பதில் சொல்வார். ஆகவே, என் கணவர் காதில் இயர்போன் செருகிக்கொண்டு பேசத் தொடங்கியதைக் கவனிக்க எனக்குப் பத்திரிகையில் எழுதும் அனுபவம் தேவைப்படவில்லை.

மறுமுனையில் பேசியவள் யாழ்ப்பாணத்தில் அவரோடு ரியூசன் வகுப்பில் படித்தவள். இப்போது ரொறன்ரோவில் இருக்கிறாள், விவாகரத்தானவள். எல்லாம் அவரே சொன்னவைதான். என்ன பேசுகிறார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

அந்தக் கோடையில் பழைய தொலைபேசிக் கம்பியை மாற்றிப் புதிய இணைப்புத் தர, லண்டனிலேயே பக்கத்தில் உள்ள எட்மண்டனிலிருந்து ஒரு தமிழ்ப் பையன் வந்தான். சுவரோரம் குந்தியிருந்து வேலை செய்தவனிடம் கேட்டேன்.

"தம்பி, இந்த லைனால போற கதையை, மெசேஜை ஆரும் இடையில பிடிக்கலாமோ?"

"ஆரை அக்கா பிடிக்கப் போறீங்கள்?"

"கட்டுரை ஒன்று எழுதுறன்."

அவன் நம்பியதாகத் தெரியவில்லை. ஆனாலும் விளக்கினான். பழைய கம்பியில் ஒருவன் வெளியே தன் கருவியைக் கொளுவினால் பேச்சு அப்படியே கேட்கும். இப்போது வட்ஸ்அப் போன்றவற்றில் போவதெல்லாம் குலைத்துப் பூட்டி அனுப்பப்படுகிறது. வழியில் பிடிப்பவனுக்கு அர்த்தமில்லாத எழுத்துக் குவியல்தான் மிஞ்சும்.

"நடுவில ஏலாது அக்கா. ரெண்டு முனையிலயும்தான் அது திறந்து கிடக்கும்."

அடுத்த சனிக்கிழமை, கடைக்குப் போகிறேன் என்று கணவர் இறங்கினார். கார் புறப்படவில்லை. நான் முன்னறை ஜன்னலைத் திறந்தேன். அவருடைய போன் தானாகவே காரின் ஸ்பீக்கரோடு இணைந்திருந்தது. கார்க் கண்ணாடியும் பாதி இறங்கியிருந்தது. வால்தம்ஸ்டோவில் எங்கள் ஒடுங்கிய தெருவில் ஒரு பெண்குரல் தெளிவாகக் கேட்டது.

"சூப்பர்வைசர் வேலை தரேல்லையோ? உன்ர இங்கிலிஷைக் கேட்டுப் பயந்திருப்பாங்களடா!"

அவர் சிரித்தார். மனம்விட்டு, இருமல் வரும்வரை சிரித்தார்.

"வீட்டில இன்னும் சொல்லேல்லை," என்றார்.

ஹவுன்ஸ்லோவில் அவர் வேலை செய்யும் இடத்தில் நேர்முகத் தேர்வு நடந்ததே எனக்குத் தெரியாது. ஆனால் என்னைச் சுட்டது அதல்ல. அவருடைய ஆங்கிலத்தைப் பற்றி நான் ஒருமுறை ஒரு வார்த்தை சொன்னதற்கு, ஒரு வாரம் என் முகம் பார்க்காமல் இருந்தவர் அவர். அவளுடைய குரலும் நான் எதிர்பார்த்ததுபோல் குழையவில்லை. சாதாரணக் குரல், கொஞ்சம் கரகரப்பு. குழைந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இறங்கிப் போய்க் கார்க் கதவைத் திறந்து பக்கத்து இருக்கையில் அமர்ந்தேன். "பிறகு எடுக்கிறன்," என்று அவர் அழைப்பைத் துண்டித்தார்.

"எவ்வளவு கேட்டனீர்?"

"கேட்க வேண்டியதெல்லாம்."

"வேலை கிடைக்கேல்லை எண்டு உமக்குச் சொல்ல வெக்கமா இருந்தது."

"அவவுக்குச் சொல்ல வெக்கமில்லையோ?"

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவ பகிடி விடுவா. விட்டா முடிஞ்சுது."

"நானும் விட்டிருப்பன்."

"நீர் விட்டா நான் கோவிச்சிருப்பன்," என்றார், உண்மையாக.

"ஓம்," என்றேன். "அதுதான் எனக்குப் பொறுக்கேலாமல் கிடக்கு."