ஜெனரல் எங்கள் வீட்டு ஆள்

ஜெனரல் தன் நாட்டுக்கு விமானம் ஏறியது ஒரு வெள்ளிக்கிழமை காலை. விமான நிலையத்து வாசலில் போலீஸ் வாத்தியக்காரர்கள் ஊதுகுழல்களைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பெட்டியை மூடுவதற்குள் மாசினா தன் பிக்கப் வண்டியில் உட்கார்ந்து ஜெனரலின் தூதரகத்துக்கு ஃபோன் போட்டுவிட்டாள்.

"வைதோலு கிராமத்துலேர்ந்து பேசறேன். எங்க வீட்ல ஒரு சாவு. லெமோவானாவோட பங்கு எப்ப வரும்?"

லெமோவானா யார் என்று தூதரகச் செயலர் கேட்டான்.

"உங்க ஜெனரல்தான் தம்பி. நேத்துத்தான பட்டம் கட்டினோம், பன்னி வெட்டி, பாய் விரிச்சு. ஒரு ராத்திரிகூடத் தாங்கலியா அந்தப் பேரு?"

செயலர் சிரித்தான். மாசினா சிரிக்கவில்லை. சாவு வீட்டுக்கு என்னென்ன வரவேண்டும் என்று ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டுத்தான் வண்டியைக் கிளப்பினாள்.

லெமோவானா குடும்பத்தின் பேச்சுத் தலைவி அவள். கல்யாணம், சாவு, தேவாலயத்துக்குப் புதுக்கூரை, எது நடந்தாலும் கையில் கோலை ஊன்றி வெட்டவெளியில் நின்று குடும்பத்துக்காகப் பேசுவது அவள் வேலை. ஐம்பதைத் தாண்டியவள். பரந்த தோள். சுருட்டுப் புகையும் வெயிலும் சேர்ந்து கரகரப்பாக்கிய குரல். அந்தக் குரலை மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒலிபெருக்கி இல்லாமல் அனுப்புவாள். பேச்சை ஒத்திகை பார்ப்பது கோழிகளிடம். இல்லாவிட்டால் வண்டியின் ஸ்டியரிங்கிடம். எதிரே வருகிறவர்கள், அவள் யாரையோ திட்டுகிறாள் என்று நினைத்து ஓரமாக ஒதுங்குவார்கள்.

ஓரிடத்தில் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. தேநீர் ஊற்றிக் கொடுத்தால் பாதிக் கோப்பையோடு எழுந்துவிடுவாள். மூன்று பேர் சேர்ந்து நிற்பதைப் பார்த்தால் போதும், இதில் கொடுக்க வேண்டியவர் யார், வாங்க வேண்டியவர் யார் என்று கண்ணாலேயே பிரித்துவிடுவாள். ஆக்லாந்தில் லாரி ஓட்டுகிற பட்டக்காரர், சிட்னியில் மருத்துவமனைக் காவலாளியாக இருக்கும் பட்டக்காரர், எல்லோருக்கும் விடிகாலையில் அவளிடமிருந்து குரல்செய்தி போகும். "பட்டம்னா கழுத்துல போடற மாலைன்னு நெனச்சுக்கறானுங்க. அது கழுத்துல கட்டற கயிறு. இழுத்தா வரணும்" என்பாள்.

ஜெனரலையும் அந்தக் கயிற்றில் கட்டத்தான் அவள் சம்மதித்தாள்.

அவளுடைய தம்பி செமிசி மீன்பிடிக் கப்பலில் மாலுமி. எரிபொருள் நிரப்ப ஜெனரலின் துறைமுகம் ஒன்றில் கப்பல் நின்றபோது, கரையில் நின்று தன்னையே படம் பிடித்து மனைவிக்கு அனுப்பினான். அவன் தோளுக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் ஒரு போர்க்கப்பலும் படத்தில் விழுந்திருந்தது. உளவு பார்த்தான் என்று பிடித்துக்கொண்டு போனார்கள். கூடவே கப்பல் சமையல்காரனையும். வழக்கு நடந்ததும் தெரியாது, தீர்ப்பு வந்ததும் தெரியாது. ஏழு வருடம் என்று மட்டும் தெரிந்தது. செமிசியின் மனைவி லுசியா, மூட்டை முடிச்சோடு மாசினாவின் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

பிரதமரைப் போய்ப் பார்க்கலாம் என்றால், அவர் ஜெனரலின் நண்பர். ஜெனரலுக்கு மட்டும் அல்ல, அந்த வகை ஆட்கள் அத்தனை பேருக்கும் நண்பர். அவருடைய அலுவலகச் சுவரில் ராணுவ உடையில் மூன்று பேர், தேர்தல் என்ற சொல்லையே கேள்விப்படாத அரசர் ஒருவர், முப்பது வருடமாக நாற்காலியை விடாத அதிபர் ஒருவர், எல்லோரோடும் தோளில் கை போட்டுப் படம் எடுத்து மாட்டியிருக்கிறார். ஓட்டுக் கேட்டு ஜெயித்த எந்தத் தலைவரும் அந்தச் சுவரில் இல்லை. அப்படிப்பட்டவர்கள் விருந்தாளியாக வந்தால் மனிதர் கொட்டாவி விடுவார். ஜெனரலைக் கண்டித்து ஐ.நா. சபையில் தீர்மானம் வந்த அன்று நம் ஊர்ப் பிரதிநிதி காபி குடிக்க வெளியே போயிருந்தார். யார் போகச் சொன்னது என்று தலைநகர் ஆப்பியாவில் எல்லா டாக்சிக்காரர்களுக்கும் தெரியும்.

ஜெனரல் வருகிறார், உங்கள் குடும்பத்தில் ஆளில்லாமல் கிடக்கும் பழைய பட்டத்தை அவருக்குக் கட்டுங்கள் என்று பிரதமர் ஆள் அனுப்பினார். செமிசியைப் பற்றி யாரும் மூச்சுவிடக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினார். குடும்பத்தில் பாதிப் பேர் கோலைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். மாசினா ஒரே வார்த்தையில் சரி என்றாள்.

லுசியாவால் தாங்க முடியவில்லை. "என் புருஷனைப் பூட்டி வச்சிருக்கறவனுக்கு மாலை போடப் போறீங்களா அக்கா?"

"வெளியாள்கிட்ட நான் என்னத்தைக் கேக்க முடியும்? அதுக்குப் பிரதமர் இருக்காரு, மந்திரி இருக்காரு. நம்ம வீட்டு ஆளாயிட்டான்னா நானே கேப்பேன். அதுக்கு எவன் அனுமதி வேணும்?"

பட்டம் கட்டிய அன்று அவள் பேசிய பேச்சை இன்னும் ஊரில் சொல்கிறார்கள். ஜெனரலின் முப்பாட்டனை எங்கிருந்தோ ஒரு படகில் ஏற்றிக் கொண்டுவந்து தன் முப்பாட்டியின் வாசலில் இறக்கினாள். செமிசி என்ற பெயர் அவள் வாயில் வரவில்லை. பிரதமர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முதலில் சின்னதாகக் கேட்க வேண்டும் என்பது அவள் கணக்கு. சாவுக்குக் கேட்டாள். ஆச்சரியமாக, வந்தது. இருபது பெட்டி டின் மீன், கூடவே ஒரு படம் பிடிப்பவர். பெட்டிகளுக்கு நடுவில் மாசினாவை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். தேவாலயக் கூரைக்குக் கேட்டாள். தகரம் வந்தது, மறுபடியும் படம். "பாத்தியா? கயிறு இழுபடுது" என்றாள் லுசியாவிடம். மூன்றாவதாகத் தம்பியைக் கேட்டாள். அன்றிலிருந்து செயலர் ஃபோனை எடுப்பதில்லை.

பிறகுதான் ரேடியோ. சாயங்காலப் பிரார்த்தனைக்கு முன்னால் ஊர் அறிவிப்புகள் வாசிப்பார்கள். இன்னார் இறந்தார், நாளை படகு ஓடாது, இன்னார் உடனே வீட்டுக்கு வரவும். அந்த வரிசையில் ஒருநாள் இதுவும் வந்தது: "லெமோவானா பட்டக்காரருக்கு வைதோலு குடும்பத்தார் தெரிவிப்பது. உங்கள் தம்பி செமிசி உங்கள் ஊரில்தான் இருக்கிறான். லுசியா காத்திருக்கிறாள். அனுப்பி வைக்கவும்."

நாடே சிரித்தது. மூன்றாம் நாள் பிரதமர் நேரில் வந்தார். தாய்வழியில் மாசினாவுக்குத் தூரத்து உறவு, அவள் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயில் சம்மணம் போட்டார். லுசியா, சுட்ட ஈரப்பலாக்காயும் டின் மீனும் கொண்டுவந்து வைத்தாள்.

"சாப்பிடுங்கண்ணே. உங்க சிநேகிதர் அனுப்பின மீன்தான்."

பிரதமர் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். "ரேடியோவுல போய் இப்படிக் கேப்பாங்களா மாசினா? அவங்க தூதர் காலையிலேர்ந்து மூணு தடவை கூப்பிட்டுட்டாரு."

"உங்களையாவது கூப்பிடறாரே. எனக்கு ஃபோனே எடுக்க மாட்டேங்கறாங்க."

"இதெல்லாம் பதமாப் போற விஷயம். நாலு பேர் முன்னால அவரை அசிங்கப்படுத்தினா, இருக்கற வழியும் அடைஞ்சு போயிடும்."

"எந்த வழிண்ணே? சொல்லுங்க, அதுல நடந்து பாக்கறேன்."

அவர் முழங்காலைத் தடவினார். பிறகு, தன்னிடமே பேசுவது போல, "உனக்குத் தெரியாது. அந்த மனுஷன் பாலம்னு சொன்னா மறுவருஷம் அங்க பாலம் நிக்குது. நான் பாலம்னு சொன்னா அஞ்சு ஊர்க் கூட்டம், ரெண்டு பாதிரியாரு, ஒரு கோர்ட்டுக் கேஸு. ஆத்துல எறங்கித்தான் இன்னும் போறோம்" என்றார்.

"அப்ப உங்களுக்கு அவர் மேல ஆசை இல்ல. அவர் உக்காந்திருக்கற நாற்காலி மேல ஆசை."

பிரதமர் சிரித்துவிட்டார். "நீ மட்டும் என்னவாம்? கூட்டத்துல நீ கோலை ஊனிட்டா வேற யாராவது வாயைத் தொறக்க முடியுதா?"

சமையல் கொட்டகையில் லுசியா சிரிக்கிற சத்தம் கேட்டது. மாசினா எழுந்து நின்றுகொண்டாள்.

"அடுத்த மாசம் அவர் ஊருக்கு அணிவகுப்பு பாக்கப் போறீங்கல்ல? அங்க ஒரே ஒரு வார்த்தை. செமிசின்னு பேரைச் சொல்லிக் கேளுங்க. கேக்கலேன்னா குடும்பத்தைக் கூட்டிப் பட்டத்தை உருவிடுவேன்."

"உருவினா உலகம் பூரா செய்தியாயிடும்."

"ஆகட்டுமே. என் தம்பி செய்தியாகலியே."

அணிவகுப்பைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். பீரங்கி வண்டிகள் போகப் போக ஜெனரல் சல்யூட் அடித்தார். பக்கத்தில் நின்ற நம் பிரதமரும், யாரும் கேட்காமலே, கையைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டார். திரும்பி வந்தவர், சந்தர்ப்பம் அமையவில்லை என்றார். குடும்பக் கூட்டத்துக்கு மாசினா நாள் குறித்தாள். தேர்தல் முடியட்டும் என்று பிரதமர் கெஞ்சித் தள்ளிவைக்க வைத்தார். தேர்தல் முடிந்தது, மறுபடி அவரே ஜெயித்தார். புயல் வந்தது, அதற்காக ஒருமுறை தள்ளிப்போனது. பேச்சு மட்டும் மாசினாவிடம் எப்போதோ தயாராகிவிட்டது. ஜெனரலின் முப்பாட்டனை மறுபடியும் படகில் ஏற்றி, வந்த வழியே அனுப்புகிற பேச்சு. கோழிகளுக்கு அது பாடமாகியிருக்கும்.

ஒருவழியாக அடுத்த வருட மழை முடிந்து கூட்டம் கூடிய காலையில், கூட்ட வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போது அவள் ஃபோன் ஒலித்தது. தெரியாத எண்ணிலிருந்து ஒரு குரல்செய்தி. பக்கத்தில் லுசியா. எஞ்சினை அணைக்காமலே கேட்டார்கள்.

"நான் தெபுவாய். கிரிபாஸ் தீவுக்காரன். செமிசி இருந்த கப்பல்ல சமையல். என்னையும் அவன்கூடதான் பிடிச்சாங்க. என்னை விட்டு மாசக்கணக்காச்சு, ஊர் வந்து சேர்றதுக்குள்ள உசுரு போயிடுச்சு. உங்க நம்பரைத் தேடிப் பிடிக்க இத்தனை நாள். செமிசி சொன்னதை அப்படியே சொல்றேன். மனப்பாடம் ஆகற வரைக்கும் விடலை அவன். இதான் அவன் சொன்னது. அக்கா, பட்டத்தை உருவப்போறேன்னு நீ சொல்றதா இங்க காவக்காரங்க பேசிக்கறாங்க. உருவாத. நீ மீன் பெட்டியோட நிக்கற படம் இங்க பேப்பர்ல வந்துச்சு. இது எங்க அக்கா, உங்க ஜெனரல் எங்க வீட்டு ஆளுன்னு சொன்னேன். மொதல்ல சிரிச்சானுங்க. அப்புறம் ஒருத்தன் மேல போயி விசாரிச்சுட்டு வந்தான். அன்னிலேர்ந்து என்னை அடிக்கறதில்ல. இருமலுக்கு மருந்து தர்றாங்க. பக்கத்து அறையில இருக்கறவனுக்கு அப்படி யாரும் இல்ல. அவன் சத்தம் கேக்குது. அந்தப் பேரு அவருக்கு இருக்கற வரைக்கும் நான் தாங்கிடுவேன். அவ்வளவுதான் அக்காவுக்கு. லுசியாவுக்கும் ஒண்ணு சொல்லியிருக்கான். அதை அவங்ககிட்ட மட்டும்தான் சொல்லணும்னான். தனியா கூப்பிடச் சொல்லுங்க."

இரண்டாவது முறை கேட்டபோது லுசியா ஃபோனைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

"இப்ப என்னக்கா செய்வீங்க?"

"நீ அவனைக் கூப்பிட்டுப் பேசு" என்று சொல்லிவிட்டு மாசினா இறங்கிப் போனாள்.

சுவரில்லாத அந்த வீட்டில் ஒவ்வொரு பட்டக்காரரும் தன் தூணில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். லெமோவானாவுக்கான தூணில் மட்டும் யாரும் இல்லை. விருந்தாளி இடத்தில் பிரதமர், கெஞ்சுவதற்கு ஒரு பேச்சைத் தயாரித்துக்கொண்டு வந்திருந்தார். அது அவர் முகத்திலேயே தெரிந்தது. மரத் தொட்டியில் காவா என்ற வேர்ப் பானம் கரைத்தாகிவிட்டது. கிண்ணம் யாருக்கு முதலில் போக வேண்டும் என்று பட்டப்பெயர் சொல்லி அழைப்பது பேச்சுத் தலைவியின் வேலை. அவள் அழைத்தால் அந்தப் பட்டம் செல்லும். எல்லோரும் குடித்த பிறகுதான் பேச்சு. முதல் கிண்ணம் விருந்தாளிக்கு என்று பிரதமர் இடுப்பை நேராக்கிக்கொண்டார்.

மாசினா வாயைத் திறந்தாள். இரண்டு மைதானங்களுக்குக் கேட்கும் குரலில், ஒரு எழுத்தும் விழுங்காமல், லெமோவானா என்று அழைத்தாள்.

கிண்ணத்தை ஏந்தியவன் நடுவில் வந்து நின்று, எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல் பார்த்தான். பிரதமரின் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு பரவியது. மாசினா அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"அங்க ஆளே இல்லியேம்மா" என்றார் பக்கத்துத் தூண்காரர், தணிந்த குரலில்.

அவள் எழுந்தாள். ஆளில்லாத தூணுக்குப் போய், அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, அந்தப் பேருக்கு வந்த கிண்ணத்துக்காக இரண்டு கைகளையும் நீட்டினாள்.