குழாயில் குடித்தவருக்கு ஒன்றுமில்லை

முதலில் காலுறையில்தான் தெரிந்தது. செவன் ஹில்ஸில் துணிகளைப் பொதி செய்யும் கிடங்கில் எனக்கு வேலை. வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றினால் கணுக்காலுக்கு மேலே காலுறையின் பட்டி பள்ளமாகப் பதிந்திருக்கும். நாள் முழுக்க நிற்கிற கால் வீங்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன். அடிக்கடி வந்த தலையிடிக்கும் ஒரு குளிசையை விழுங்கிவிட்டுப் படுத்தேன். நீங்கள் அப்படி விடாதீர்கள்.

வீக்கம் வற்றாததால் கடைசியில் டொக்டரிடம் போனேன். இரத்தம் எடுத்த மறுநாளே கூப்பிட்டார். கிரியேற்றினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறிக் கிடந்தது. இரண்டு சிறுநீரகமும் அநேகமாக வேலையை நிறுத்திவிட்டன என்றார்.

“தண்ணீராலா?” என்று கேட்டேன்.

வவுனியாவில் எங்கள் பக்கம் சிறுநீரகம் பழுதானால் எல்லோரும் முதலில் கிணற்றைத்தான் பார்ப்பார்கள். என் அப்பா செத்தபோதும் அப்படித்தான் பார்த்தார்கள். அந்தப் பயத்தில், ஊரைவிட்டு இந்த நாட்டுக்கு, டூங்கபிக்கு வந்த நாளிலிருந்து குழாய்த் தண்ணீரை நான் வாயில் வைத்ததில்லை. போத்தல் பெட்டிகள் வாங்கி கராஜில் அடுக்கி வைப்பேன். என் கணவர் ரவி சிரிப்பார். குசினிக் குழாயின் கீழே கையை ஏந்தி மாடு மாதிரிக் குடிப்பார்.

தண்ணீர் காரணமில்லை என்றார் டொக்டர். இரத்த அழுத்தமாம், பல வருடமாகவே ஏறியிருந்திருக்கிறதாம். கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டார். நான் பார்க்கவே இல்லை. பன்னிரண்டு வருடம் தண்ணீரைக் காவல் காத்தேன். கையில் பட்டியைச் சுற்றி அழுத்தம் பார்க்க இரண்டு நிமிடம் ஒதுக்கவில்லை.

குழாயில் குடித்தவருக்கு ஒன்றுமில்லை. போத்தலில் குடித்த எனக்கு இரண்டும் போய்விட்டன. போத்தலிலும் பிழையில்லை, குழாயிலும் பிழையில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அவருடைய சிறுநீரகங்களை நினைத்து வயிறெரிந்தது.

டயாலிசிஸ் (இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்தம் செய்வது) கிழமைக்கு மூன்று நாள். சிறுநீர் போவது ஏறக்குறைய நின்றுவிட்டது. அதனால் ஒரு நாளைக்கு முக்கால் லீற்றர்தான் குடிக்கலாம். தேத்தண்ணியும் அதற்குள், சோற்றில் விடும் சொதியும் அதற்குள். நோயைவிட இதுதான் பெரிய வதை. யாராவது தண்ணீர் குடித்தால் அவர்களுடைய தொண்டை அசைவதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

“எனக்கு முன்னால குடிக்காதேங்கோ” என்று ரவியிடம் சொன்னேன்.

“உமக்குக் குடிக்கேலாது எண்டு நானும் விடாய்ச்சுச் சாகிறதோ?”

“சாக வேண்டாம். கராஜுக்குள்ள போய்க் குடியுங்கோ.”

போனார். மிஞ்சிக் கிடந்த என்னுடைய போத்தல்களையே குடித்தார். மூடி திருகும் சத்தம் குசினி வரைக்கும் கேட்டது. அதுவும் எரிந்தது.

பிறகு வீட்டு டயாலிசிஸ் பற்றிச் சொன்னார்கள். பழகித் தேறினால் இயந்திரத்தை வீட்டிலேயே பூட்டித் தருவார்கள், என் நேரத்துக்குச் செய்துகொண்டு வேலைக்குத் திரும்பலாம். எனக்கு அது வேண்டும், வேறெதுவும் வேண்டாம். பழக்கிய நர்ஸ் செல்வி மதுரைக்காரி. இயந்திரத்துக்குக் குழாய்த் தண்ணீர்தான் போகும், பக்கத்தில் உள்ள வடிகட்டி அதைச் சுத்தமாக்கும் என்றாள்.

நான் கேட்டேன்: “குழாய்த் தண்ணி வேண்டாம் தங்கச்சி. போத்தல் தண்ணி விடேலாதோ?”

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். “அக்கா, ஒரு தடவைக்கே நூறு லிட்டருக்கு மேல குடிக்கும். வாசல்ல ஒரு லாரியை நிறுத்திருங்க.”

நூறு லீற்றர். எனக்கு முக்கால். அன்றிலிருந்து இயந்திரத்தின் மேலும் பொறாமை.

அடுத்த சனி மத்தியானம் கொளுத்தும் வெயில். ரவி புல் வெட்டிவிட்டு முற்றத்துக் குழாயில் வாயை வைத்து, கழுத்தெல்லாம் வழிய வழியக் குடித்தார். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். நேரே கராஜுக்குப் போய் இரண்டு போத்தல் குடித்தேன். ஞாயிறும் குடித்தேன். ருசி ஒன்றும் தெரியவில்லை. ஆத்திரம்தான் குடித்தது.

திங்கள் காலை மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டியது. ரவி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார். என் உலர் எடையைவிட (உடலில் மிகை நீர் இல்லாதபோது இருக்கும் எடை) நாலு கிலோ கூட. இயந்திரம் நீரை உறிஞ்ச உறிஞ்ச இரத்த அழுத்தம் விழுந்தது. கெண்டைக்கால் தசை முறுக்கியதில் கத்தினேன்.

“என்னக்கா குடிச்சீங்க?” என்று செல்வி கேட்டாள்.

“ஒண்டும் குடிக்கேல்ல.”

“அப்ப இந்த நாலு கிலோ காத்தா? இப்படியே போனா வீட்டுக்கு மெஷின் தர மாட்டாங்க.”

ரவி குறுக்கே வந்தார். “நான்தான் குடுத்தனான். அவ பாவம்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிறுநீரகமும் அவருக்கு, தண்ணீரும் அவருக்கு, நல்ல பெயரும் அவருக்கேவா?

“பொய் சொல்லுறார். நான்தான் களவாக் குடிச்சனான்” என்றேன். “இவர் குடிக்கிறதைப் பார்க்கப் பொறுக்கேலாமல் குடிச்சனான்.”

செல்வி குறித்துக்கொண்டாள். பயிற்சி இன்னும் ஒரு மாதம் நீண்டது. கிடங்கில் என் காலை நேர வேலையை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த வேறொருத்தியை நினைத்தாலும் எரிகிறது. ஆனால் உண்மையைச் சொன்ன பிறகு களவாகக் குடிக்கவில்லை. உங்களுக்கும் அதையே சொல்வேன். தாகத்தை அடக்குவதில் நான் கெட்டிக்காரி இல்லை. குடித்ததை ஒளிக்காமல் இருக்கப் பழகினேன், அவ்வளவுதான்.

இப்போது இயந்திரம் வீட்டில் இருக்கிறது. கதிரையில் சாய்ந்தால் சுவருக்குள் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். பன்னிரண்டு வருடம் நான் வாயில் வைக்காத அதே குழாய்த் தண்ணீர்தான் வடிகட்டியைத் தாண்டி வந்து, மெல்லிய சவ்வுக்கு மறுபுறம் நின்று, என் இரத்தத்தைக் கழுவிவிட்டுப் போகிறது. என் சிறுநீரகம் இப்போது பாதி என் உடம்பில் இல்லை, சுவரில் இருக்கிறது.

கராஜில் பெட்டிகள் இல்லை. ஒரு பழைய போத்தலை மட்டும் வைத்திருக்கிறேன். காலையில் முக்கால் லீற்றர் குழாய்த் தண்ணீர் பிடிப்பேன். தேத்தண்ணி, சொதி எல்லாவற்றுக்கும் உரியதை அதிலிருந்து ஊற்றிக் கழிப்பேன். மணிக்கூடு பார்ப்பது குறைந்துவிட்டது. தண்ணீர் பாதிக்கு இறங்கினால் மத்தியானம். அடியில் இரண்டு விரல் நின்றால் நாள் முடியப் போகிறது.

நேற்று ரவி வேலையால் வந்து, தண்ணீர்க் கோப்பையோடு கராஜ் பக்கம் போனார்.

“எங்க போறியள்? இஞ்சயே நிண்டு குடியுங்கோ” என்றேன்.

“எரியாதோ உமக்கு?”

“எரியும். குடியுங்கோ.”

குடித்தார். தொண்டை மூன்று தரம் அசைந்தது. நான் என் போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இன்னும் நாலு விரல் இருந்தது.