வாழைநாரின் பதம்

ஒரு சொட்டுத் தண்ணீரை விரல் நுனியில் எடுத்து வாழைநார்க் கற்றையின் மேல் விடுகிறார் முத்துவீரன். சொட்டு உருண்டையாக அப்படியே நிற்கிறது. "இன்னும் பிசுக்கு போகல" என்று முனகிக்கொண்டே கற்றையைக் காஸ்டிக் சோடா கரைத்த வாளிக்குள் திரும்பவும் அமுக்குகிறார். இந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் அவருக்குக் காது கேட்காது.

தெரணியகலை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறது அவருடைய கொட்டகை. உடைந்த த்ரீவீல் ஆட்டோ மட்கார்டுகளுக்கு ரெசின் பூசி ஒட்டுவதுதான் பிழைப்பு. கண்ணாடி நார் உடம்பெல்லாம் அரிக்கிறதே என்று வாழைநாருக்கு மாறினார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. கித்துள் நார், அன்னாசி நார் எதையும் விட்டுவைக்கவில்லை. மனைவி அழகம்மாவின் சீப்பில் சேர்ந்த முடியைக்கூட ரெசினில் போட்டு ஒட்டிப் பார்த்துவிட்டார். "இந்த மனுசன நம்பி தல சீவ முடியல" என்று அவள் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நாரில் பிசுக்கு இருக்கிறவரை ரெசின் பிடிக்காது. காஸ்டிக் அந்தப் பிசுக்கைத் தின்னவேண்டும். கூடுதலாகத் தின்னவிட்டால் நாரையே தின்றுவிடும். பதம் வந்ததும், ரப்பர் பாலை உறையவைக்கிற அசிட்டைத் துளியளவு தண்ணீரில் கலந்து அலசுவார். காஸ்டிக் அதோடு அடங்கிவிடும். ரப்பர் பெக்டரியில் வேலை பார்த்தபோது பழகிய அசிட் அது.

முதல் பலகையில்தான் ஏமாந்து போனார். ரப்பர் தோட்டத்து மேல் டிவிசன் ரோட்டில் மண் சரிந்ததிலிருந்து ஆம்புலன்ஸ் கீழே பெக்டரியோடு நின்றுவிடுகிறது. மேலே லயத்து வீடுகளிலிருந்து நோயாளிகளைச் சாக்கில் கட்டித் தூக்கி இறக்குவதைப் பார்த்துவிட்டு, வாழைநாரில் தூக்குப்பலகை செய்கிறேன் என்று இறங்கினார். நார் நன்றாக வெளுக்கட்டும் என்று ராத்திரி முழுக்கக் காஸ்டிக்கில் ஊறவிட்டார். பஞ்சு மாதிரி வெளுத்தது. நெஞ்சுவலி வந்த மூக்கையாவை அதில் தூக்கிக்கொண்டு வரும்போது, கொய்யாமர வளைவில் பலகை மடக்கென்று முறிந்தது. பாவம் மனுசன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மிச்ச இறக்கத்தை நடந்தே இறங்கினார். பிழைத்தும் விட்டார். இப்போது கொட்டகையைத் தாண்டும்போதெல்லாம், "வீரா, இன்னைக்கு யார கவுக்கப் போற?" என்று கேட்காமல் போவதில்லை.

"நார் வெள்ளையா இருந்துச்சா, அதுல மயங்கிட்டேன் மாமா" என்று முத்துவீரனும் சிரித்துச் சமாளிப்பார். ஆனால் படுத்தால் அந்த மடக்கென்ற சத்தம்தான் கேட்கிறதாம். அழகம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். மேல் டிவிசனில் இருக்கிற அவருடைய தங்கச்சி மல்லிகாவுக்கு இது நிறைமாதம். வலி வந்தால் இந்த இரண்டாவது பலகையில்தான் இறக்கவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பலகை மேலே போய்ச் சேர்ந்தது. அரிசி மூட்டையை வைத்துப் பார்க்கலாம் என்றார்கள் தூக்க வந்தவர்கள். "மூட்டைக்கு என்னாங்க தெரியும்?" என்று முத்துவீரன் தானே ஏறினார். மல்லாந்து படுக்கவில்லை. குப்புறப் படுத்து, ஒரு காதைப் பலகையோடு ஒட்டிக்கொண்டார். மல்லிகா வயிற்றில் கை வைத்தபடி லயத்து வாசலில் நின்று பார்த்தாள். மூன்று மூலைக்கு ஆள் நின்றார்கள். நான்காவது மூலையைப் பிடிக்கத் தயங்கியவனை ஒதுக்கிவிட்டு மூக்கையாவே வந்து பிடித்தார். பிடித்தவர் சும்மா இருந்தாரா, வழி முழுக்கத் திட்டிக்கொண்டேதான் இறங்கினார்.

கொய்யாமர வளைவு வந்தது. "இங்க நின்னு ஒரு குலுக்கு குலுக்குங்க" என்றார் முத்துவீரன்.

குலுக்கினார்கள். மூக்கையாவும் வாயை மூடிக்கொண்டார். பலகைக்குள்ளிருந்து சத்தமில்லை.

முத்துவீரன் கண்ணைத் திறக்காமல், காதையும் எடுக்காமல், ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டினார்: இன்னொரு தடவை.