சம்பந்தி மேல் படுத்த நாய்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு நாய் ஆகாது. அதிலும் பழனியம்மாள் அக்காவின் நாய் அறவே ஆகாது. நான் தைத்து முடித்து மடித்து வைத்திருந்த பைக் சீட் கவரை ஒரு நாள் அது கவ்விக்கொண்டு ஓட, நான் ஒரு முனையைப் பிடித்து இழுக்க, கவர் இரண்டாகப் போனது. வண்டிக்காரன் நாயைத் திட்டினானா? என்னைத்தான் திட்டினான். கவ்வினால் விடாது என்பதால் தெருவே அதற்குப் பூட்டு என்று பெயர் வைத்தது. திண்டுக்கல்லில் வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

என் பெயர் பிரான்சிஸ். ஆட்டோவுக்கும் பைக்குக்கும் சீட் கவர் தைப்பவன். என் கடைக்குப் பின்னால் ஒரு காம்பவுண்டு. வரிசையாகச் சில வீடுகள், நடுவில் ஒரு குழாய், எல்லோருக்கும் சேர்த்து ஒரே துணிக்கொடி. முதல் வீட்டில் அக்கா இட்லி மாவு அரைத்து விற்கிறாள். என் கடை, அந்தக் காம்பவுண்டு எல்லாமே வடமதுரை சோலைமுத்து அண்ணனுடைய சொத்து.

அக்காவுக்கு வாய் மட்டும் இல்லையென்றால் நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்று தெருவில் சொல்வார்கள். "என்னக்கா, மாவு புளிச்சிருக்கு?" என்று ஒருத்தி கேட்டால், "வீட்ல நல்லாத்தான்டி இருந்துச்சு, ஒன் மூஞ்சியப் பாத்ததும் புளிச்சிருச்சு" என்பாள். கேட்டவள் சிரித்துக்கொண்டே இன்னொரு பாக்கெட் வாங்கிப் போவாள். புருசன் போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் சத்யபிரியா கல்யாணமாகிக் கோயம்புத்தூரில் இருக்கிறாள். ஒரு அடைமழையில் கிரைண்டருக்கு அடியில் வந்து ஒண்டிய குட்டிதான் இந்தப் பூட்டு. வாய் இருந்தும் அக்காவை நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

இந்த ஐப்பசியில் வந்தது வினை. சோலைமுத்து அண்ணன் காம்பவுண்டுக்குள் கால் வைத்தவர், வேட்டி நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"ஏத்தா, மாவு விக்கிற எடத்துல இம்புட்டு நாத்தம் அடிக்குது? வாற ஞாயித்துக்கெழம வாரேன். அதுக்குள்ள நாத்தம் போகணும், இல்லாட்டி நாய் போகணும். சிறுமலை அடிவாரத்துல கொண்டுபோய் விட்டுரு, அது பாட்டுக்குப் பொழச்சுக்கும்."

ஒரு சொல்லுக்குப் பத்துச் சொல் திருப்பிக் கொடுக்கிற அக்கா அன்றைக்கு "சரிண்ணே" என்று மட்டும் சொன்னாள். நேரே என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அது இல்லேன்னா அந்த வீட்டுக்குள்ள நான் யாருகிட்ட அப்பு பேசுவேன்?" என்றாள். நாய் ஆகாத நானே தையலை நிறுத்திவிட்டு அவளுக்கு ஒரு டீ சொன்னேன்.

அப்புறம் யோசித்துப் பார்த்தால், நாறியது நாய் இல்லை. அதை அக்கா குழாயடியில் வைத்துத் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டுகிறாள். நாறியது அதன் படுக்கை. பழைய பருத்திச் சேலைகளை அடுக்கித் தைத்துப் போட்டிருந்தாள். மழைநாளில் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, காயவே காயாமல், முடையடித்துக் கிடந்தது. அதை எடுத்து எறிந்துவிட்டுச் சாக்கு போட்டாள். சாக்குக்குள் உண்ணி புகுந்துகொண்டது. தேங்காய் நார் மெத்தை போட்டாள். விடிவதற்குள் வாசலெல்லாம் நார். சத்யபிரியா சேதி கேட்டு, பூனை ரோமம் மாதிரி புசுபுசுவென்று வட்டமாக ஒரு மெத்தையை ஆன்லைனில் வாங்கி அனுப்பினாள். படத்தில் அதன் மேல் ஒரு வெள்ளைக்கார நாய் கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தது. நம்ம நாய் அதன் ஓரத்தைக் கவ்வி உதறிய உதறலில் காம்பவுண்டு முழுக்கப் பஞ்சு பறந்து, பக்கத்து வீட்டு ஜெஸ்ஸியின் மீன் குழம்பில் போய் விழுந்தது. ஜெஸ்ஸி போட்ட சத்தம் என் கடை வரைக்கும் கேட்டது.

நான் ஒரு துண்டு ரெக்சினில் தைத்துக் கொடுத்தேன். நகம் பட்டுத் தோல் உரிந்துபோனது. ஞாயிற்றுக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. அக்கா சாப்பிடாமல் கிடந்தாள்.

அப்போதுதான் மாடிப்படிக்கு அடியில் சுருட்டிக் கிடந்த பிளக்ஸ் பேனரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "இது கிழியாது. தண்ணி ஊத்தித் தொடச்சா போதும், செத்த நேரத்துல காஞ்சிரும். இதுல தச்சுக் குடு" என்றாள்.

நல்ல யோசனைதான். கடைத் தரையில் விரித்தேன். விரித்ததும் எனக்கு வேர்த்துவிட்டது.

அது சோலைமுத்து அண்ணனின் மகள் வயிற்றுப் பேரனுடைய காதணி விழா பேனர். வைத்தவர் ஒட்டன்சத்திரத்துச் சம்பந்தி குழந்தைவேலு. பேனரில் சம்பந்தி தலை முதல் கால் வரை ஆள் உயரத்துக்குக் கைகூப்பி நிற்கிறார். சோலைமுத்து அண்ணனோ ஒரு மூலையில், மாவு பாக்கெட்டில் ஒட்டுகிற ஸ்டிக்கர் அளவுக்கு, ஒரு வட்டத்துக்குள் இருக்கிறார். இதற்குத்தான் மனுஷன் கிடா விருந்தில் கை நனைக்காமல் எழுந்து, பேனரைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு வந்து இங்கே போட்டிருந்தார். பேனரில் படம் சின்னதாகிப் போனால் எங்கள் பக்கம் உறவே அறுந்துபோகும். ரெண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை நின்று மாசக் கணக்காகிறது.

"அக்கா, இது பெரிய எடத்து விவகாரம். படத்தை உள்ள தள்ளித் தைக்கிறேன்" என்றேன்.

"பின்பக்கம் சொரசொரங்குது, முடி ஒட்டும். வழுவழுன்னு இருக்க பக்கம்தான் மேல வரணும்." சொல்லிவிட்டு அவள் கண்ணில் ஒரு விஷமம் மின்னியது. "ஏம்ப்பு, வீட்டுக்காரருக்கு அந்த ஆளக் கண்டாலே ஆகாதுல்ல? நாயி அந்தாளு நெஞ்சு மேல படுத்துக் கெடக்கதப் பாத்தா, மனுசன் குளுந்து போயிர மாட்டாரு? நீ தை."

தைத்தேன். ஜிப் வைத்தால் பல்லால் பிடுங்கிவிடும் என்று, தலையணை உறை மாதிரி நீளமாக மடிப்பு விட்டு உள்ளே செருகிக்கொள்ளும்படி செய்தேன். உள்ளே பழைய சீட் நுரைத் துண்டுகளை ஒரு பையில் அடைத்துப் போட்டேன். சம்பந்தி மேலே வந்தார். கீழே 'அனைவரும் வருக' என்ற எழுத்தும் வந்தது. வீட்டுக்காரரை வெட்ட மனசு வராமல் மடிப்புக்குள் விட்டேன். பூட்டு முகர்ந்து பார்த்தது, கடித்துப் பார்த்தது, பல் வழுக்கியது. மூன்று சுற்றுச் சுற்றிச் சம்பந்தியின் நெஞ்சில் படுத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சோலைமுத்து அண்ணன் வந்தார். கூடவே ஒருவர் வெள்ளை வேட்டியில், கையில் தாம்பூலப் பையோடு வந்தார். பார்த்த முகமாக இருக்கிறதே என்று நினைத்தேன். படுக்கையில் இருக்கிற அதே முகம்!

"சம்பந்தியும் நானும் ஒரு கல்யாணத்துல பாத்தோம். பேசித் தீத்துக்கிட்டோம்" என்றார் அண்ணன், வாயெல்லாம் வெற்றிலையாக.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் மாதாவைக் கும்பிட்டேன். நல்லவேளை, பூட்டு படத்தின் முகத்தை மறைத்துப் படுத்திருந்தது, எழுந்திருக்காமல் இருந்தால் போதும்.

அண்ணன் குனிந்து மூக்கை உறிஞ்சினார். "அட, நாத்தமே இல்லையே! பரவால்ல, நாய் இருந்துட்டுப் போகட்டும்."

அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அது ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லை.

"ஏனுங்க, நல்ல சாதி நாயாட்ட இருக்குதுங்களே" என்று சொல்லிக்கொண்டே சம்பந்தி பையில் இருந்து லட்டை எடுத்து நீட்டினார். பூட்டு துள்ளி எழுந்தது.

கைகூப்பிய சம்பந்தியை, நின்றிருந்த சம்பந்தி குனிந்து பார்த்தார். நாய் லட்டு தின்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"இது... நானுங்களா?"

"நீங்களேதாண்ணே!" அக்கா முந்திக்கொண்டாள். "சாக்கு போட்டேன், நார் மெத்தை போட்டேன், எம்மக அனுப்புன மெத்தைய ஒரே நாள்ல பஞ்சாப் பறக்க விட்டுருச்சு. ஒங்க படத்து மேல மட்டும் பல்லு வைக்க மாட்டேங்குது. அம்புட்டு மரியாதை!"

கடவுளே, என்ன ஒரு வாய்! சம்பந்தி மீசையைத் தடவினார். "வாயில்லாச் சீவனுக்குத் தெரியுதுங்க, யாருக்கு மரியாதை குடுக்கணும்னு" என்று சொல்லி, ஓரக்கண்ணால் அண்ணனைப் பார்த்தார்.

அண்ணன் முகம் சிவந்தது. "நான் எங்கத்தா?"

"நீங்க உள்ள பத்திரமா இருக்கீகண்ணே." மடிப்பை இழுத்துக் காட்டினாள். நுரைத் தூசிக்கு நடுவே வட்டத்துக்குள் சோலைமுத்து அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார்.

"காதுகுத்துலயும் மூலையில, நாய்ப் படுக்கையிலயும் உள்ளயா?" என்று கத்தினார். போச்சு, நாய் சிறுமலைக்கு வண்டி ஏறிவிட்டது என்று நினைத்தேன். அக்கா பூட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"ஏத்தா, இந்த நாய்க்கு மாத்துக் கவர் இருக்கா?" என்றார் அண்ணன்.

"இல்லண்ணே."

"இதத் தொவச்சுப் போட்டா அது எதுல படுக்கும்? அறிவு வேணாமா?"

மறுநாளே மாத்துக் கவருக்கு ஒரு பேனர் வந்து சேர்ந்தது. அறுபதாவது பிறந்தநாளுக்கு அண்ணன் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பேனர். வேறு ஒரு தலைகூட இல்லை, முழுக்க அவரே. நானும் கண்ணும் கருத்துமாகத் தைத்துக் கொடுத்தேன். சம்பந்தி மேல் பல் வைக்காத அந்தச் சனியன் பிடித்த நாய், புதுக் கவரின் விளிம்பை எப்படியோ பிடித்து, அன்றைக்கே அண்ணனின் முழங்காலுக்குக் கீழே மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டது. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கடை வாடகைக்கு இருக்கிறவன் நான்.

இப்போது அண்ணன் வருகிறார் என்று தெரிந்தால், அக்கா அந்தக் கவரை நனைத்துக் கொடியில் போட்டுவிடுகிறாள். கிழிந்த கால் சுவர்ப் பக்கம், முகம் வாசல் பக்கம். உள்ளே வருகிற யாருக்கும் முதலில் தெரிவது அவர்தான். போன வாரம் அண்ணன் கொடியடியில் நின்று தன்னையே அண்ணாந்து பார்த்தார்.

"என்னத்தா, நான் எப்ப வந்தாலும் காயுதே?"

"ஒங்க படமாச்சேண்ணே. அழுக்குப் பட விடுவேனா? தெனமும் தொவைக்கிறேன்."

அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு சட்டைப் பையில் இருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து, சம்பந்தி மேல் படுத்திருந்த பூட்டுக்குப் போட்டுவிட்டுப் போனார்.