எழுபத்திரண்டாவது பிரிவு

பத்தாம் வகுப்புக் குடிமையியலில் மத்திய அரசைப் பற்றி ஒரு பாடம் உண்டு. குடியரசுத் தலைவரின் அதிகாரங்கள் அதில்தான் வரும். சிவகாசிக்குப் பக்கத்தில், பட்டாசுத் தொழிலாளிகள் நிறைந்த ஒரு ஊர்ப் பள்ளியில் அந்தப் பாடத்தை இருபது வருடத்துக்கு மேல் நடத்தினேன். பிள்ளைகளுக்கு அது பிடிக்காது. எனக்கும் அப்படியொன்றும் பிரியமில்லை. முப்படைகளுக்கும் தலைவர், நாடாளுமன்றத்தைக் கூட்டுகிறவர், அவர் ஒப்புதல் இல்லாமல் எந்த மசோதாவும் சட்டமாகாது என்று அடுக்கிவிட்டு, "இம்புட்டையும் அமைச்சரவை சொல்ற ஆலோசனைப்படிதான் செய்யணும். கோடு போட்டுக்கோங்க" என்று முடிப்பேன்.

நீதி அதிகாரம் என்ற தலைப்பின் கீழ் சில வரிகள்தான் இருக்கும். நீதிமன்றம் கொடுத்த தண்டனையை மன்னிக்கவும் குறைக்கவும் தள்ளிவைக்கவும் அவரால் முடியும். எழுபத்திரண்டாவது பிரிவு. பரீட்சையில் வந்தால் இரண்டு மதிப்பெண். அந்த வரிகளை நான் அரை நிமிடத்தில் கடந்துவிடுவேன்.

என் தம்பி இரண்டு பேரைக் கொன்ற பிறகு அப்படிக் கடக்க முடியவில்லை.

அவன் என்னைவிட எட்டு வயது இளையவன். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு நான்தான் அவனைப் படிக்கவைத்தேன். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் சேர்த்துவிட்டதும் நான்தான், பெண் பார்த்துக் கட்டிவைத்ததும் நான்தான். அந்த வேலைகளுக்கு நடுவே என் கல்யாணப் பேச்சு தானாகவே நின்றுபோனது. கல்யாணமான ஆறாவது வருடம், ஒரு மத்தியானத்தில், அவன் தன் மனைவியையும் அவளுடைய தாயையும் கொன்றான். குடி என்று கேஸில் எழுதியிருந்தது, சந்தேகம் என்றும் எழுதியிருந்தது. எப்படிச் செய்தான் என்பதை நான் எழுதப்போவதில்லை. கோர்ட்டில் வாசித்தபோது ஒரு சொல் விடாமல் கேட்டேன், அது போதும். அவர்களுடைய மூன்று வயது மகள் அப்போது பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். அதனால் பிழைத்தாள்.

இறந்துபோனவளின் அண்ணன் அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார். சிவகாசியில் காலண்டர் கம்பெனி ஒன்றில் பைண்டிங் வேலை பார்ப்பவர். கல்யாணத்தன்று தொடங்கி என்னை "மதினி" என்றுதான் கூப்பிடுவார். கோர்ட் வராந்தாவில் என்னைக் கடந்துபோகும்போது, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க டீச்சர்" என்றார். அந்த "டீச்சர்" என் மேல் வந்து விழுந்த விதத்தை இன்னும் மறக்கவில்லை.

செஷன்ஸ் கோர்ட்டில் தூக்குத் தண்டனை. மதுரை ஹைகோர்ட்டில் உறுதி செய்தார்கள். டெல்லியில் சுப்ரீம் கோர்ட்டிலும் அதுவே நின்றது. இதற்குள் ஆறு வருடங்கள் ஓடியிருந்தன.

ஊரில் யாரும் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. அதையும் நான் சொல்லத்தான் வேண்டும். விருதுநகரில் என் வீட்டுக்கு வந்துபோய்க்கொண்டிருந்தவர்கள் வராமல் போனார்கள், அவ்வளவுதான். பள்ளியில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் மேசையில் நான் போய் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடும். கொஞ்ச நாளில் நானே நூலக அறைக்கு டிபன் பாக்ஸைக் கொண்டுபோகத் தொடங்கினேன். யாரும் வந்து கூப்பிடவில்லை. கூப்பிடாததில் அவர்களுக்கு இருந்த நிம்மதி எனக்குத் தெரிந்தது.

இனிக் கருணை மனு ஒன்றுதான் பாக்கி என்றார் வக்கீல். முதலில் ஆளுநருக்கு, அவர் மறுத்தால் குடியரசுத் தலைவருக்கு. கையெழுத்து வாங்கப் பாளையங்கோட்டைச் சிறைக்குப் போனேன். தம்பி தாளைத் தொடவில்லை.

"மன்னிப்புக் குடுக்க வேண்டியவ செத்துப்போயிட்டாக்கா. டெல்லியில இருக்கவுகளுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?"

இத்தனை வருடத்தில் எந்த மாணவனும் கேட்காத கேள்வி.

"சம்பந்தம் இருக்கோ இல்லையோ, சட்டத்துல இருக்கு. போடு."

"எனக்கு வேணாம்."

"ஏலே, உனக்காக இல்ல. எனக்கு வேற யாரும் இல்லலே. எனக்காகப் போடு."

அவன் தாளைத் தன் பக்கம் இழுத்தான். பிறகு போட்டான்.

மனுவை நானே எழுதினேன். வக்கீல், "கெஞ்சாதீக டீச்சர், காரணத்தை மட்டும் எழுதுங்க" என்றார். இதற்கு முன் ஒரு குற்றமும் செய்யாதவன், தாய் தகப்பன் இல்லாமல் வளர்ந்தவன், தாயை இழந்த ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பன் என்று எழுதினேன். நல்லவன் என்று எழுதக் கை வரவில்லை. கடைசியில், இறந்துபோன இரண்டு பேரும் எனக்கும் வேண்டியவர்கள், அவர்களை நினைக்காமல் இந்த மனுவை நான் எழுதவில்லை என்று ஒரு வரி சேர்த்தேன். வக்கீல் அதை அடிக்கச் சொன்னார், நமக்கே பாதகமாக முடியலாம் என்றார். நான் அடிக்கவில்லை.

ஆளுநரிடமிருந்து மறுப்பு வந்தது. மனு டெல்லிக்குப் போனது.

அங்கே அது நேராகக் குடியரசுத் தலைவரின் மேசைக்குப் போகாது என்பது நான் நடத்திய பாடத்திலேயே இருக்கிறது. உள்துறை அமைச்சகம் பார்க்கும், மாநில அரசிடம் கருத்துக் கேட்கும், உள்ளூரில் விசாரிக்கச் சொல்லும், பிறகுதான் இன்னது செய்யலாம் என்று அவருக்கு ஆலோசனை சொல்லும். அவர் விரும்பினால் ஒரு தடவை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம். மறுபடியும் அதே ஆலோசனை வந்தால் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனாலும் மனசு, அங்கே ஒரு பெரிய வீட்டில் ஒரு மனிதர் என் தாளை எடுத்து வாசிப்பார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தது. படித்தது ஒரு பக்கம் கிடக்க, நம்புவது வேறொன்றாக இருந்தது.

அந்த வருடம் பாடம் வந்தபோது நீதி அதிகாரத்தில் நின்றேன். நாலு வரியையும் நிதானமாக வாசித்தேன். என் விஷயம் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். அவளுடைய அம்மா பட்டாசுக் கம்பெனியில் வெடிகளுக்குள் மருந்து செலுத்தும் வேலை பார்ப்பவள்.

"டீச்சர், மனு போட்டா எத்தனை நாளுக்குள்ள பதில் சொல்லணும்?"

"நாள் எதுவும் குறிக்கல."

"அப்ப சொல்லாமலே இருக்கலாமா?"

"சொல்லுவாக. எப்பன்னு தெரியாது."

"அதுவரைக்கும் அவுக என்ன செய்வாக டீச்சர்?"

மனு போட்டவனைக் கேட்கிறாளா, அவனைச் சேர்ந்தவர்களைக் கேட்கிறாளா என்று புரியவில்லை. அவள் முகத்தில் கேலி இல்லை. "காத்திருப்பாக" என்றேன். அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சுக்கு ஆராதனைக்குப் போவதை நான் நிறுத்தவில்லை. கடைசி வரிசைக்கு முந்தின பெஞ்சில் உட்காருவேன். அந்த பெஞ்ச் பெரும்பாலும் எனக்கு மட்டும்தான். பொதுவான விண்ணப்பங்களில், எங்கள் நாட்டின் குடியரசுத் தலைவருக்காகவும் ஆளுகை செய்கிற எல்லாருக்காகவும் என்று எங்கள் சபைப் போதகரான ஐயர் சொல்வார். சின்ன வயதிலிருந்து கேட்டது, எல்லாரும் முணுமுணுத்துவிட்டுப் போகிற இடம். இப்போது அந்த இடம் வருவதற்கு முன்னாலேயே நான் கண்ணை மூடிவிடுவேன். அவருக்கு நல்ல சுகம் கொடும், நல்ல தூக்கம் கொடும், யார் மேலும் கோபமில்லாத ஒரு நாளில் அந்தத் தாள் அவர் கைக்குப் போகட்டும் என்று ஜெபிப்பேன். முகம் தெரியாத ஒருவருக்காக அவ்வளவு ஜெபித்தது என் வாழ்க்கையில் அதுதான்.

இடையில் குடியரசுத் தலைவரின் பதவிக்காலம் முடிந்து தேர்தல் வந்தது. எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் எப்படி வாக்களிக்கிறார்கள், ஒரு வாக்குக்கு என்ன மதிப்பு என்று கரும்பலகையில் போட்டுக் காட்டினேன். சாக்பீஸை வைத்த கையோடு வக்கீலுக்குப் போன் செய்தேன்.

"ஆளு மாறுனா மனுவைப் புதுசாப் போடணுமா?"

"வேணாம் டீச்சர். அந்தப் பதவிக்குத்தானே மனு? ஆளு வருவாக, போவாக. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும்தான். ஆனால் அத்தனை நாளும் ஜெபித்தது ஒருவருக்காக. அவர் வீட்டைக் காலி செய்துகொண்டு போவதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, எனக்குத் தெரிந்த ஒருவர் ஊரைவிட்டுப் போவதுபோல இருந்தது. புதியவர் உறுதிமொழி எடுத்தார். மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.

விசாரணைக்கு ஸ்டேஷனிலிருந்து ஒருவர் வந்தார். தம்பியைப் பற்றிக் கேட்டு எழுதிக்கொண்டார். இறந்தவர்களின் வீட்டுக்கும் போவீர்களா என்று கேட்டேன். "போகணும்மா. அவுக என்ன நெனைக்காகன்னு கேட்டு அனுப்பணும்" என்றார். அன்றைக்கே எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அந்த அண்ணன் என்ன சொல்லுவார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அதன் பிறகும் இரண்டு தீபாவளி சீசன் போனது. ஒரு நாள் மத்தியானம் நூலக அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வக்கீல் போன் செய்தார்.

"ஆயுள் தண்டனையா மாத்தியாச்சு டீச்சர். ஆனா ஒரு நிபந்தனை இருக்கு. சாகுற வரைக்கும் உள்ளதான். விடுதலை கெடையாது."

"உசிருக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்ல. இனி ஒண்ணும் இல்ல."

போனை வைத்தேன். யாரிடம் சொல்வது என்று யோசித்தேன். சன்னல் வழியே ஆசிரியர்கள் மேசையில் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பது தெரிந்தது. போய்ச் சொன்னால் கேட்பார்கள், நல்லதாப் போச்சு என்றும் சொல்வார்கள். ஆனால் இது நல்லதா என்று சொல்ல எனக்கே தைரியமில்லை. பாக்ஸை மூடிவிட்டு ஒன்பதாம் வகுப்புக்குப் போய் நடத்த வேண்டியதை நடத்தினேன்.

செத்தவளின் அண்ணன் இதைப் பேப்பரில் பார்க்கக் கூடாது என்று தோன்றியது. பள்ளி விட்டதும் சிவகாசிக்குப் பஸ் ஏறினேன். பத்து வருடத்துக்கு மேலாக நான் மிதிக்காத தெரு. கதவைத் தட்டியதும் அவரே வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது, விரல்களில் பசை காய்ந்திருந்தது. உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னேன்.

"தூக்கு ரத்தாயிருச்சு. சாகுற வரைக்கும் ஜெயில். மத்தவுக சொல்லி உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு வந்தேன்."

அவர் விரலில் காய்ந்திருந்த பசையை உரித்தார்.

"எங்கிட்டயும் வந்து கேட்டாக" என்றார். "தூக்குல போடணும்னு நான் சொல்லல."

நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன்.

"அவனுக்காக இல்ல டீச்சர். எந் தங்கச்சியும் எங்க அம்மாவும் பட்டது எனக்குத் தெரியும். இந்தப் புள்ளைக்குத்தான். அம்மாவை அப்பன் கொன்னான். அப்பனை நீங்க எல்லாருமாச் சேந்து கொன்னீகளான்னு ஒரு நாளு கேட்டா, நான் என்னத்தச் சொல்ல?"

உள்ளே யாரோ நடக்கும் சத்தம் கேட்டது. அந்தப் பிள்ளைக்கு இப்போது பதினான்கு வயதாகியிருக்கும். நான் எட்டிப் பார்க்கவில்லை.

"அவட்ட நான் சொல்லிக்கிறேன். நீங்க இனி இங்கன வராதீக" என்றார். சத்தம் உயரவில்லை. கதவைச் சாத்தினார்.

அந்தத் தெருவில் நடந்து வந்தபோதுதான் அழுதேன். டெல்லியில் இருப்பவருக்காக வருடக்கணக்கில் ஜெபித்திருந்தேன். இவருக்காக ஒரு நாள்கூட ஜெபித்ததில்லை. பயந்து மட்டும்தான் இருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை பாளையங்கோட்டைக்குப் போனேன். தம்பிக்கு விஷயம் தெரிந்திருந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து என்னையே பார்த்தான். சந்தோஷப்படுவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அவன் முகத்தில் இருந்தது பயம்.

"இனி எம்புட்டு நாளுக்கா?" என்று கேட்டான்.

அவனுக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது.

"உம் மச்சான் தூக்குப் போடச் சொல்லலையாம்லே" என்றேன். அவன் தலையைக் குனிந்து முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டான். நேரம் முடியும்வரை நிமிரவே இல்லை.

இப்போது நான் ஓய்வு பெற்றுவிட்டேன். விருதுநகர் வீட்டில் தனியாக இருக்கிறேன். மாதம் இரண்டு தடவை அவனைப் பார்க்கப் போகிறேன். எங்களுக்குள் பேச அதிகம் இல்லை. சிறையில் தறி நெய்யப் பழகியிருக்கிறான், நூல் அறுந்தால் முடிச்சுப் போடுவதைக் கையாலேயே காட்டுவான். மகளைப் பற்றி அவன் கேட்பதில்லை, எனக்கும் சொல்ல ஒன்றும் தெரியாது. போன தடவை நான் எழுந்திருக்கும் நேரத்தில், "வீட்ல தண்ணி வருதாக்கா?" என்று கேட்டான். நாலு நாளைக்கு ஒரு தடவை வருகிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.